ஒரு பிரிவுக்கு ஒருத்தி

மாநிலப் போட்டிக்கு இந்த வருடம் ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று அன்பரசு சார் சொன்னபோது, இலக்கியா அனுப்பிரியாவின் முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அனு தரையில் காலை அகட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்திருந்தாள். சார் சொல்லி முடித்ததும் இலக்கியாவின் கை நின்றது.

"அழுத்துடி, ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அனு, குனிந்த தலை நிமிராமல்.

கூடத்தில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கு அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை; அவரவர் எடைக்கு அவரவர்தான். அறுபத்து மூன்று கிலோவில் மட்டும் இரண்டு பேர்.

மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில் இருவரும் ஐந்து வருடமாகச் சேர்ந்து பளு தூக்குகிறார்கள். இலக்கியாவின் அப்பா சடையப்பன் பஸ் பணிமனையில் மெக்கானிக். சொந்தக்காரர்கள் எல்லாம் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் என்று நிலத்தோடு இருக்க, அவர் மட்டும் வேலை கிடைத்துக் கடலூருக்கு வந்து மஞ்சக்குப்பத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். அனுப்பிரியா சிதம்பரத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா ஆரோக்கியம்மாள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலேஜ் முதல் வருடத்தில் குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுக்கப் போய் வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் இவர்கள். பள்ளிக்கூட பி.இ.டி. மாஸ்டரான அன்பரசு சார் அன்று அங்கே நடுவராக வந்திருந்தார். இருவர் தோளையும் தொடையையும் பார்த்துவிட்டு, "குண்ட வீசுனது போதும், நாளைக்கு என் கூடத்துக்கு வாங்க" என்று சொல்லி அழைத்து வந்தார்.

பளு தூக்குகிறவர்களின் ஷூவுக்குக் குதிகால் கட்டையாக உயர்ந்திருக்கும். முதல் இரண்டு வருடம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான். ஒருத்தி தூக்கிவிட்டு வந்து கழற்றித் தருவாள். மற்றவள் அந்த வியர்வை ஈரத்தோடேயே காலை நுழைப்பாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் அனு இலக்கியா வீட்டிலேயே தங்கிவிடுவாள். இலக்கியாவின் அம்மா தங்கம்மாள் சோறு வடிக்கும்போது கேட்பதுகூட இல்லை, ஓர் ஆழாக்கு கூடப் போட்டுவிடுவாள்.

பளுதூக்குதலில் இரண்டு முறைதான். ஒன்று ஸ்நாட்ச்: எடை மாட்டித் தரையில் கிடக்கும் இரும்புப் பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இன்னொன்று கிளீன் அண்ட் ஜெர்க்: முதலில் தோளுக்கு, அங்கிருந்து தலைக்கு மேல். அனுவுக்கு ஸ்நாட்ச். அவள் வேகம் அப்படி. பார் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் கீழே இறங்கி அதற்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். இலக்கியாவுக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் முதுகும் காலும் இரும்பு. தோளுக்கு வந்த எடையை அவள் விட்டதே இல்லை. ஸ்நாட்ச்சில் அனு எழுபத்து நான்கு, இவள் எழுபது. ஜெர்க்கில் அனு எண்பத்தாறு, இவள் தொண்ணூறு. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் நூற்று அறுபது.

ஒருத்தியின் உடம்பை மற்றவள் படித்துவிடுவாள். "இன்னிக்கு உன் தோளு சரியில்ல, ரெண்டு கிலோ கம்மியா கேளு" என்று இலக்கியா சொன்னால் அனு மறுபேச்சுப் பேச மாட்டாள். "பயப்படாத, ஏத்து" என்று அனு சொன்னால் இலக்கியா ஏற்றுவாள். போன வருடம் வரைக்கும் ஒரு பிரிவுக்கு இரண்டு பேர் போகலாம் என்று இருந்ததால், யார் முதல், யார் இரண்டாவது என்பது பஸ்ஸில் கேலி பேசிக்கொண்டு வரும் விஷயமாகத்தான் இருந்தது.

சார் தேர்வுக்குப் பதினைந்து நாள் கொடுத்தார். இலக்கியா வீட்டில் பேசிப் பார்த்தார்கள். எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவுக்குப் போகலாமே என்றார் சடையப்பன். அவள் ஏற்கெனவே ஒரு தடவை அப்படிச் செய்யப் போய், எடை பார்க்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தவள். மேல் பிரிவில் நெய்வேலியிலிருந்து வரும் தமிழ்ச்செல்வி இருந்தாள். அவள் தூக்குவதைத் தொட இன்னும் இரண்டு வருடம் ஆகும். ஆக, அனுவை ஜெயிக்க வேண்டும் அல்லது அனுவிடம் தோற்க வேண்டும்.

"தோத்தா தோத்துட்டுப் போற. அவ யாரு, நம்ம வூட்டுப் பொண்ணுதான?" என்றாள் தங்கம்மாள். இலக்கியாவும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாள்.

நான்கு நாள் கழித்து அவள் கூடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அனு மட்டும் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். பாரில் ஏற்றியிருந்த பிளேட்டுகளை இலக்கியா வாசலில் இருந்தே மனசுக்குள் கூட்டினாள். எழுபத்தெட்டு. அனு குனிந்து பிடித்தாள். இழுத்தாள். அடுத்த நொடி பார் அவள் தலைக்கு மேலே, ஓர் ஆட்டமும் இல்லாமல், சுவரில் ஆணி அடித்து மாட்டியது மாதிரி நின்றது. எழுந்து நின்று மூன்று எண்ணும் நேரம் வைத்திருந்துவிட்டு, சத்தம் வராமல் மெதுவாக இறக்கினாள். பிறகு அவசர அவசரமாகப் பிளேட்டுகளைக் கழற்றினாள்.

இலக்கியா வெளியே போய்ப் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, அப்போதுதான் வருகிறவள் போல உள்ளே வந்தாள். அனு எழுபத்தெட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சாயங்காலம் முழுக்கச் சொல்லவில்லை.

இலக்கியாவுக்கு அன்று பிடித்த பயம் மறுநாளும் போகவில்லை. தேர்வன்று எல்லோர் முன்னாலும் தான் எழுபதில் நிற்க, அனு எழுபத்தெட்டைத் தூக்கி நிற்பதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சார் முகத்தைப் பார்த்தாள். அப்பா பணிமனையில் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயப்பிரகாஷ் ஞாபகம் வந்தது. சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் ஜிம் வைத்திருப்பவர். பவர்லிஃப்டிங் ஆட்களைத் தயார் செய்கிறவர். எப்போதோ ஒரு தடவை அனுவோடு அங்கே போயிருந்தபோது இலக்கியா விளையாட்டாக நூற்று முப்பத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் தூக்கிக் காட்ட, அவர் வாயைப் பிளந்துவிட்டார். "உனக்கு எதுக்கும்மா அந்தப் பளுதூக்குதலு? வலுதூக்குதலுக்கு வா. ஆறு மாசத்துல ஸ்டேட் மெடல் வாங்கித் தர்றேன்." பவர்லிஃப்டிங்கில் மூன்று முறை. பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது, தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்குவது. எதிலும் நின்றபடி தலைக்கு மேல் கொண்டுபோகிற வேலை இல்லை. வேகம் வேண்டாம், வலுதான் வேண்டும். அன்று பஸ்ஸில் திரும்பும்போது இலக்கியா, "ஸ்நாட்ச் இல்லாத போட்டி ஒரு போட்டியா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது இலக்கியா நேராக அன்பரசு சாரிடம் போய், "சார், நான் பவர்லிஃப்டிங் போயிடறேன். அனு போவட்டும்" என்றாள்.

சார் கையிலிருந்த நோட்டை மூடினார். "யோசிச்சிதான் சொல்றியா?"

"ஆமா சார். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னா அவ போவட்டும். அவுங்க வூட்ல அவதான் எல்லாம்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அனு மட்டும் தட்டவில்லை. பிடி வழுக்காமலிருக்கக் கையில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்துத் தேய்த்து உதறிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா நீ வுட மாட்ட."

"ஆமா, வுட மாட்டேன்." அனு பையைத் தோளில் மாட்டினாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆரோக்கியம்மாள் ட்யூட்டி முடிந்த கையோடு, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி இலக்கியா வீட்டுக்கு வந்தாள். இலக்கியாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கூடப் பொறந்ததுகூட இப்பிடிச் செய்யாதும்மா. ஞாயித்துக்கெழமை பூசையில உன் பேரையும் சொல்லி வேண்டிக்கறேன்" என்றாள். தங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. இலக்கியா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கே அது பழகிவிட்டது. யாராவது கேட்டால், "ஆமாக்கா, அவளுக்காகத்தான்" என்று தடங்கலில்லாமல் வாயில் வந்தது.

அதன்பின் ஊர் மாறியது. சிதம்பரத்துக்காரி அனு தூக்குவதற்குக் கடலூருக்கு வந்தாள். கடலூர்க்காரி இலக்கியா தூக்குவதற்குச் சிதம்பரம் போனாள். வாரத்தில் மூன்று நாள் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிர் பஸ்ஸில் இருந்தார்கள். முதல் மாதம், "எங்க இருக்க?" "புதுச்சத்திரம்." "நான் ஆலப்பாக்கம், வலது பக்கம் ஜன்னல்ல நில்லு" என்று போனில் பேசி, இரண்டு பஸ்ஸும் தாண்டுகிற அந்த ஒரு நொடியில் கையை ஆட்டிக்கொள்வார்கள். மழைக் காலம் வந்து ஜன்னலை மூடினார்கள். மழை விட்ட பிறகும் அது மறுபடி தொடங்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் சொன்னது பொய்யாகவில்லை. நாலு மாதத்தில் இலக்கியா தரையிலிருந்து நூற்றைம்பது தூக்கினாள். நெஞ்சும் கையும் தடித்தன. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் தங்கம் வாங்கினாள். ஸ்டேட்டஸில் படம் வைத்தாள். அனு அதைப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று ஒற்றை வார்த்தை அனுப்பினாள். முன்பெல்லாம் அவள் அப்படி அனுப்புகிறவள் இல்லை. பார் நெஞ்சில் பட்ட விதம், கால் வைத்த விதம், மூஞ்சியை வைத்திருந்த விதம் என்று பத்து மெசேஜாவது வரும்.

மாநிலப் போட்டிக்குத் தேதி வந்தபோது அனு போன் செய்தாள். "நீ வர்றல்ல? உள்ள என் கூட நிக்க ஆள் வேணும்டி. சாருக்கு ஏழு பேரப் பாக்கணும்."

"வராம?" என்றாள் இலக்கியா.

மாநிலப் போட்டி நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை வேறோர் ஊரில் பவர்லிஃப்டிங் போட்டி இருக்கிறது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அந்தப் போட்டியில் ஜெயித்தால் ஒரு வேலைக்குச் சர்டிபிகேட் உதவும் என்றார் ஜெயப்பிரகாஷ். இலக்கியா இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அனுவுக்குச் சொன்னாள்.

"சரி, பரவால்ல. நல்லா பண்ணு" என்றாள் அனு.

அந்த ஞாயிறு மதியம், இலக்கியாவின் கழுத்தில் மெடல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அன்பரசு சாரின் போன் வந்தது. ஸ்நாட்ச்சில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு; அனு முதல் தடவை எழுபத்து மூன்று எடுத்துவிட்டாள். இரண்டாவதுக்கு எழுபத்தெட்டு கேட்டாள், கை நழுவியது. சார் அந்த நேரம் வேறொரு பெண்ணுக்கு எடை எழுதிக் கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் மூன்றாவதுக்கும் அதே எழுபத்தெட்டைச் சொல்லிவிட்டு மேடை ஏறிவிட்டாள். பார் தலைக்கு மேலே போனது. கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. விட்டுவிட்டு விலகியிருக்க வேண்டும். அவள் விடவில்லை. இடது முழங்கை பின்பக்கமாக மடங்கிவிட்டது.

"சத்தமே போடலம்மா" என்றார் சார். "கையப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டா. இலக்கியா எங்க சார்னு கேட்டா. நீ வரலைங்கறது மறந்துபோச்சு போல."

மறுநாள் இலக்கியா மருத்துவமனைக்குப் போனாள். அனுவின் கையைத் தோளிலிருந்து விரல் வரைக்கும் கட்டி வைத்திருந்தார்கள். ஆரோக்கியம்மாள் இலக்கியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அனு அழவில்லை. "மெடலா? காட்டு" என்றாள். இலக்கியா கொண்டு வரவில்லை என்றாள். அது அவள் பையில்தான் இருந்தது. உடனே அனு ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. இலக்கியா எழுந்து, "டாக்டரப் பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனாள். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் அதே சிதம்பரத்துக்குப் போய் வந்தாள். ஜிம்மிலிருந்து அனுவின் வீடு நடந்து போகிற தூரம்தான். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. முதலில் எடுத்துப் பேசிக்கொண்டிருந்த அனுவின் போனையும், போகப் போக, அடித்து ஓய விட்டாள்.

கடைசியில் அவளைப் போக வைத்தது ஜெயப்பிரகாஷ் சாதாரணமாகச் சொன்ன ஒரு விஷயம். கை முழுசாக நீளாத ஆள்கூடப் பவர்லிஃப்டிங் பண்ணலாம், முன்கூட்டியே நடுவரிடம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கியாவுக்குச் சட்டென்று வழி திறந்தது போல இருந்தது. கை முழுசாக நீளவில்லை என்று போனில் சொல்லியிருந்த அனுவை இங்கே கூட்டி வந்துவிடலாம். மறுபடி ஒரே மேடை. அவள் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

வீட்டில் ஆரோக்கியம்மாள் மட்டும் இருந்தாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள். "வாம்மா கண்ணு" என்று உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தாள். கை எவ்வளவு நீள்கிறது, ஃபிசியோதெரபிக்கு எத்தனை நாள் போனாள் என்றெல்லாம் சொன்னாள். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை.

"அனு எங்க ஆன்ட்டி?"

"அண்ணாமலை நகர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கா. ரெண்டு மாசமா." ஆரோக்கியம்மாள் காலியான டம்ளரை எடுத்து வைத்தாள். "மொதல்ல எல்லாம் நான் ட்யூட்டி முடிஞ்சி வந்த ஒடனே கேப்பா, இலக்கியா வந்தாளாம்மான்னு. தெனமும் கேப்பா. இப்பல்லாம் கேக்கறதில்ல."

ஷேர் ஆட்டோவில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும்போது இலக்கியாவுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக இருந்தது. கடை சின்னதுதான். பிராஜெக்ட் பைண்டிங், ஸ்கேனிங், லேமினேஷன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அனு ஒரு கட்டுப் பேப்பரை வலது கையால் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை வயிற்றோடு ஒட்டி, முழங்கையில் மடங்கியே இருந்தது. தலை நிமிர்ந்தவள் இலக்கியாவைப் பார்த்ததும் சிரித்தாள். தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வா. உக்காரு. ஒரு பார்ட்டி இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்."

காத்திருந்தவன் போனதும் இலக்கியா மூச்சு விடாமல் சொன்னாள். ஜெயப்பிரகாஷ் சொன்னது, நடுவரிடம் காட்டினால் போதும் என்பது, அனுவின் காலுக்கு உட்கார்ந்து எழுவதில் என்ன எடை போகும் என்பது. "நான் ஏத்தி எறக்கித் தர்றேன்டி. நீ சும்மா வா."

அனு முழுவதையும் கேட்டாள். "நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள். "நீ எனக்கு வுட்டுக் குடுத்தியா, இல்ல பயந்துட்டியா?"

இலக்கியா கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தாள். 

"அன்னிக்கி நீ எழுவத்தெட்டு எடுத்தத நான் பாத்தேன்" என்றாள் கடைசியில். "கதவுக்கிட்ட நின்னு. நீ எங்கிட்ட சொல்லல."

"பாத்தியா?" அனுவின் முகம் மாறியது. "சொன்னா நீ ஒடஞ்சி போயிடுவியோன்னு சொல்லல. ஜெயிக்கணும்னும் இருந்திச்சி. ரெண்டுந்தான். அதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு எத்தினி நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? கை தட்டுனாங்களே, அன்னிக்கே கேக்கலாம்னு பாத்தேன். நீ பெரிய மனுஷியாட்டம் நின்னுக்கிட்டு இருந்த."

"பயம்தான்டி" என்றாள் இலக்கியா. "உங்கிட்ட எல்லார் முன்னாடியும் தோத்துடுவேன்னு பயம். வுட்டுக் குடுக்கறதுன்னு வெளிய சொன்னேன். அப்பறம் நானே நம்பிட்டேன்."

அனு தலையை ஆட்டினாள். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டுக்கொள்கிறவள் போல.

"நீ ஜெயிச்சிருந்தா நான் உம் பின்னாடி வந்து நின்னிருப்பேன். நான் ஜெயிச்சிருந்தா நீ நின்னிருப்ப. எதுவா இருந்தாலும் ரெண்டு பேரு இருந்திருப்போம்டி. நீ எனக்கு எடத்தக் குடுத்துட்டு உன்ன எடுத்துக்கிட்டுப் போயிட்ட." குரல் உயரவில்லை. "கை போனதுக்கு உன்னக் குத்தம் சொல்லல. எழுவத்தெட்டக் கேட்டது நாந்தான், வுடாதது நாந்தான். ஆனா மூணாவது தடவைக்கு மேடை ஏறும்போது திரும்பிப் பாத்தேன். ரெண்டு கிலோ கொற, இன்னிக்கி தோளு சரியில்லன்னு சொல்ல ஆள் இல்ல."

"அனு..."

"ஆஸ்பத்திரியில கேட்டுடலாம்னு பாத்தேன். நீ எந்திரிச்சிப் போயிட்ட. சரி, நாளைக்கி வருவான்னு இருந்தேன். நீ வந்து, பயமா இருந்திச்சிடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், ஒத்தக் கையாலயே கட்டிப் புடிச்சிருப்பேன்." அவள் மடங்கிய கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "இப்ப சொல்லிட்ட. ஆனா எனக்கு ஒண்ணும் வரல இலக்கியா. கோவமும் வரல. நானும் பாக்கறேன், வரல."

அவள் 'டி' போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலக்கியா இதுவரை கேட்டதில்லை.

இரண்டு காலேஜ் பிள்ளைகள் பென் டிரைவோடு வந்து நின்றார்கள். அனு எழுந்து போனாள். எத்தனை காப்பி, கலரா கறுப்பு வெள்ளையா என்று கேட்டாள். பேப்பர்க் கட்டை மடங்கிய கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெஷினுக்கு நடந்தாள். அங்கிருந்தே, "ஆறு மணிக்கு மேல பஸ் கூட்டமா இருக்கும், கெளம்பு. அம்மாவப் பாத்தியா? அவுங்க உன்னயத் தேடுவாங்க, அப்பப்ப வா" என்றாள். பவர்லிஃப்டிங் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. இலக்கியாவும் திரும்பக் கேட்கவில்லை.

ரயில்வே கேட் வரைக்கும் நடந்தே வந்தாள். கேட் மூடியிருந்தது. பைக்குகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் நின்று அழுதாள். யாரோ ஓர் அம்மா, "என்னாம்மா, பர்ஸத் தொலச்சிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த மாதம் அன்பரசு சார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. சார் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். புது வருடத்துக்கு அறுபத்து மூன்று கிலோவில் ஆள் இல்லை. இடம் காலியாக இருக்கிறது. தேர்வுகூட வேண்டாம்.

"அங்க போயி எவ்வளவு மெடல் வாங்குனாலும் உனக்கு மனசு இங்கதான்னு எனக்குத் தெரியும்" என்றார். "வந்துடும்மா."

இலக்கியா மேடையைப் பார்த்தாள். அங்கே வெறும் பார் மட்டும் கிடந்தது. போய்ப் பிடித்தாள். கை தானாகவே அகலமாக விரிந்து பழைய இடத்தைக் கண்டுபிடித்தது. இழுத்தாள். பார் மேலே போனது. ஆனால் தலைக்கு மேலே போய் நிற்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகப் படுத்துத் தள்ளித் தள்ளி இறுகிய தோள், பாரைப் பின்னால் விட மறுத்தது. அது நெற்றிக்கு முன்னாலேயே நின்று நடுங்கியது. வெறும் பார். முதல் வாரத்திலேயே விளையாட்டாகத் தூக்கிய எடை. கீழே விட்டாள்.

"தோள் இறுக்கம்தான், ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்றார் சார்.

"வேணாம் சார்."

"ஏம்மா, அவளுக்காகப் பாக்கறியா? இன்னும் எவ்வளவுதான் வுட்டுக் குடுப்ப?"

இலக்கியாவுக்கு அந்த வார்த்தை சுட்டது. "நான் எதையும் வுட்டுக் குடுக்கல சார். அன்னிக்கி அவகிட்ட தோத்துடுவேன்னு பயந்து ஓடிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்க கை தட்ட வச்சீங்க." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "இப்ப இந்த மேடையில நிக்க எனக்குத் தைரியம் இல்ல. அதான் வேணாங்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

சார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே, கதவைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வெளியே போய் நின்றார்.

காலையில் பயிற்சி செய்தவர்கள் பிளேட்டுகளை அங்கங்கே போட்டது போட்டபடி விட்டுப் போயிருந்தார்கள். இலக்கியா குனிந்து ஒன்றைத் தூக்கி, சுவரோரம் இருந்த ஸ்டாண்டில் கொண்டுபோய் மாட்டினாள். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். இருபது கிலோ, பதினைந்து, பத்து என்று கனமானதெல்லாம் கீழ்த் தட்டில், லேசானதெல்லாம் மேலே. நிறைய இருந்தது. ஒருத்தியே செய்ததால் வெகு நேரம் பிடித்தது.